கிடங்கு சாட்சி

தாழந்துறையில் புயல் கரை கடந்த மறு மாதத்திலிருந்து கிடங்கு வாசல் ஊர்க்காரர்களின் மண்டையை இடிக்க ஆரம்பித்தது. முதலில் இடி வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பனைமர உயரம், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நடுத்தர உயரக்காரர்களுக்கு இடித்தது, அப்புறம் குள்ளமானவர்களுக்கு இடித்தது, அப்புறம் கூன் விழுந்த தபால்காரருக்கே இடித்தது, அவர் மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, இருட்டில் கவனிக்கவில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். பட்டப்பகலில் என்னய்யா இருட்டு என்று நான் கேட்டேன். என் வாய் அப்படி. அடுப்பும் உன் வாயும் அணையவே அணையாதா என்று என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் உலகநாதன், சமையல் உலகநாதன். தாழந்துறைக்காரன் இல்லை, திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஆனால் கிடங்கில் கல்யாணம் என்றால் அடுப்பு மூட்டுவது நான்தான், எனக்கு முன்னால் என் அப்பா. அதனால் அந்தக் கட்டிடத்தை எனக்கு வெளியிலிருந்து நன்றாகத் தெரியும். உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாத சிலது வெளியில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

கும்பினிக்காரன் துப்பாக்கியும் வெடிமருந்தும் வைக்கக் கட்டிய கிடங்கு அது. செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு, ஓர் ஆள் குறுக்கே படுத்துக் கையை நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத பருமனில் சுவர் வைத்தவன், கூரையை மட்டும் லேசாக வைத்தான். ஏன் என்றால், மருந்து வெடித்தால் கூரை பிய்த்துக்கொண்டு ஆகாசத்துக்குப் போகட்டும், சுவர் மட்டும் அசையாமல் நின்று பக்கத்துத் தெருவைக் காப்பாற்றட்டும் என்றுதான். உள்ளே துப்பாக்கி சாத்தி வைக்க வரிசை வரிசையாக மாடங்கள். காற்றுக்குச் சுவரில் துவாரங்கள் உண்டு, ஆனால் ஒன்றுகூட நேராகப் போகாது, சுவருக்குள்ளேயே வளைந்து திரும்பி, திரும்பி வளைந்து உள்ளே போகும். வெளியிலிருந்து நெருப்புப்பொறி பறந்து வந்தால் வளைவில் முட்டிச் செத்துப்போகும், காற்று மட்டும் நெளிந்து நுழைந்துவிடும். கதவு தேக்கு, அதில் செப்பாணி, பித்தளைத் தாழ்ப்பாள், பித்தளைச் சாவி. இரும்பு உரசினால் பொறி வரும் என்று சிப்பாய்கூட உள்ளே வெறுங்காலோடுதான் போவானாம், இடுப்புக் கத்தியை வாசலில் வைத்துவிட்டு.

கும்பினி போயிற்று, மருந்து போயிற்று, துப்பாக்கி எல்லாம் போயிற்று, வழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் தாழந்துறையில் கிடங்குக்குள் செருப்பு போகாது, இரும்பு போகாது, நெருப்பு போகாது. வாசலில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும், ஆம்பளைகள் சாவிக்கொத்தைப் போடுவார்கள், பொம்பளைகள் ஊக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். ரேஷன் கொடுப்பது அங்கே, ஓட்டுப் போடுவது அங்கே, குழந்தைக்குச் சொட்டு மருந்து அங்கே, வெள்ளம் வந்தால் ஒதுங்குவது அங்கே. கல்யாணமும் அங்கேதான். நெருப்பு கூடாது என்பதால் அந்த ஊர்க் கல்யாணத்தில் ஓமம் கிடையாது. மற்ற ஊரில் அக்கினி சாட்சி, தாழந்துறையில் கிடங்கு சாட்சி. தாலி கட்டும்போது கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார்கள், சாட்சியின் கவனம் வெளியே சிதறக்கூடாதாம். கிடங்கு பார்த்துக் கட்டிய தாலியைக் கடவுள் வந்தாலும் அவிழ்க்க முடியாது என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

என் அடுப்பு மேற்குச் சுவருக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி. நான் கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவன் இல்லை. அங்கே ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது, அதன் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உள்ளே புரோகிதர் மாங்கல்ய மந்திரத்துக்குத் தொண்டையைச் செருமுவது வரைக்கும் காதில் விழும். அந்தச் செருமலுக்கு நான் அப்பளம் பொரிக்க ஆரம்பிப்பேன். பந்தி உட்காரும்போது அப்பளம் மொறுமொறுப்பாக இருக்கும். என் அப்பா சொல்லிக்கொடுத்த சூட்சுமம் அது.

இப்போது புயலைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் அங்கே இல்லை, பின்னால் ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் உதிர்ந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கடல் ஏறும் என்று சர்க்கார் ஜீப் கத்திக்கொண்டு போனது, ஊர் எழுந்து கிடங்குக்கு ஓடியது. ஊர்க்காரர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள், அரிசி மூட்டை உள்ளே இருந்தது, டிவிப் பெட்டி உள்ளே இருந்தது, கன்றுக்குட்டி உள்ளே இருந்தது, கூண்டோடு கிளிகூட உள்ளே இருந்தது, அளத்துத் தெரு மட்டும் உள்ளே இல்லை. அளத்துத் தெரு என்றால் உப்பளத்தில் வேலை செய்கிற சனங்கள், ஊருக்கும் கடலுக்கும் நடுவில் குடிசை போட்டிருக்கிறவர்கள். ஊர் தின்கிற உப்பு அவர்கள் வாரிக் கொடுத்தது. அவர்கள் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் தட்டினார்கள். கையால் தட்டினார்கள், உப்பு வாரும் பலகையால் தட்டினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாவி வைரக்கண்ணு அண்ணனிடம். பரம்பரையாகக் கிடங்குச் சாவி வைத்திருக்கிற வீடு. கெட்ட மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தார். "நம்ம பொம்பளப் பிள்ளைங்க படுத்துக் கெடக்கு, இவங்கள எங்க உக்கார வப்பீங்க?" என்று இருட்டில் ஒரு குரல். "அது காத்துண்ணே, நீங்க வந்து படுங்க" என்று இன்னொரு குரல். காற்றுதான், காற்றுதான் என்று ஊரே முணுமுணுத்தது. அண்ணன் கையை எடுத்துவிட்டார்.

அளத்துக்காரர்கள் திரும்பிப் போய் உப்புக் கொட்டகை மேட்டில் ஏறி, ஒருத்தரை ஒருத்தர் கயிற்றால் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ராசாங்கம் என்கிறவன் மட்டும் போகவில்லை. "எப்படியும் தொறப்பாங்க, நீ முன்னால போ, எடம் புடிச்சிட்டு ஆள் அனுப்புறேன்" என்று பெண்டாட்டி வேம்புவை அனுப்பிவிட்டுத் தட்டிக்கொண்டே நின்றான். கடல் வந்து அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஊர் ஒரே வாயால் சொன்னது: "சுவரு அவ்வளவு பருமன் சார். வெளியில இடி இடிச்சாலும் உள்ள கேக்காது." அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஆமாம் பருமன்தான் என்றார், போய்விட்டார்.

அடுத்த முறை சமையலுக்குப் போனபோது நான் டீக்கடையில் கேட்டேன். "ஏன்யா, உள்ள செருமுனா வெளியில கேக்குது, வெளியில கதறுனா உள்ள கேக்காதா?" வைரக்கண்ணு அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு அடுப்படிக் காது உலகு, எங்களுக்கு ஏது?" என்றார். சரி என்று எழுந்து போய் சாம்பாருக்குப் புளி கரைத்தேன். கேட்டவன் கேட்ட கையோடு ஊர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. அதுவும் என் லட்சணம்தான்.

அதற்கப்புறம்தான் வாசல் இடிக்க ஆரம்பித்தது. ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. நிலைக்கல்லில் தலையணையைத் தேங்காய்நாரால் கட்டினார்கள், தலையணையும் சேர்ந்து இறங்கியது. கொத்தனாரைக் கூட்டிவந்து மேலே இரண்டு வரிசைச் செங்கல்லைப் பெயர்த்தார்கள், பெயர்த்துவிட்டு நிமிர்ந்த கொத்தனாருக்கே நடு மண்டையில் இடித்தது, அவரும் உள்ளூர். கட்டிட எஞ்சினீயர் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்து டேப் வைத்து அளந்தார், நிமிர்ந்தபடி உள்ளே போனார், நிமிர்ந்தபடி வெளியே வந்தார், "வாசல் கட்டுன நாள்ல இருந்த மாதிரியேதான் இருக்கு, நீங்கதான் ஊரோட வளந்துட்டீங்க போல" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினார். பிறகு அதையும் ஒரு பெருமையாக்கினார்கள். பாருங்கள், எங்கள் ஊரில் பெரிய மனுஷனும் குனிந்துதான் போவான், பணிவுக்குப் பேர்போன ஊர் என்று கோயில் திருவிழாவில் மைக்கில் பேசினார்கள். பணிவாம்! ஆனாலும் புடைப்பு வலிக்கத்தானே செய்யும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். துண்டைச் சுருட்டி சும்மாடு செய்து தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு கூடை தூக்கியறியாத மிராசுகளும் வாத்தியார்களும் தலையில் சும்மாட்டோடு வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஏனென்றால் அந்த வரிசைக்குப் பின்னால் வேம்பு வந்தாள். ரேஷன் போடுகிற நாள். உப்புக்கூடையை இறக்கி வைக்க இடமில்லாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள், நெட்டையான பொம்பளை, கூடையோடு சேர்த்தால் இன்னும் ஒரு முழம் உயரம். "பாத்து, இடிக்கும்" என்று யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். அவள் நிமிர்ந்தபடி, கழுத்து அசையாமல், உள்ளே நடந்து போனாள். கூடைக்கும் நிலைக்கல்லுக்கும் நடுவில் ஒரு குருவி பறந்து போகலாம், அவ்வளவு இடம் இருந்தது. அவளுக்குப் பின்னால் அளத்துத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் அப்படியே போனார்கள். வாசல் யாருக்குத் தாழ்கிறது, யாருக்குத் தாழவில்லை என்று ஊருக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த மாதம் ரேஷனைப் பள்ளிக்கூட வராண்டாவுக்கு மாற்றினார்கள், சொட்டு மருந்தையும் மாற்றினார்கள். கல்யாணத்தை மட்டும் மாற்ற முடியவில்லை, சாட்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வைரக்கண்ணு அண்ணனுக்குத்தான் வாசல் எல்லாரையும் விட அதிகமாகத் தாழ்ந்தது. முதலில் இடுப்பு உயரம், அப்புறம் தொடை உயரம். கதவைத் திறந்து விட்டுவிட்டு, முட்டி வலி என்று சொல்லி வெளியிலேயே உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில்தான் அவருடைய ஒரே மகள் தையல்நாயகிக்குப் பாபநாசம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தாயில்லாத பெண். தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவை விட்டால் ஆள் இல்லை, அப்பா உள்ளே வந்தாக வேண்டும்.

மண்டபம் பார்த்துடலாமே என்று அண்ணன் இழுத்தார். நான் பந்திக் கணக்குப் பேச அவர் வீட்டில் இருந்தேன், அந்தப் பெண் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கிடங்கு பாக்காத தாலி எனக்கு வேணாம்ப்பா. நீங்க வேம்பு அக்காவப் போய்ப் பாருங்க. என்ன சொல்லணும்னு ஒங்களுக்கே தெரியும்." அண்ணன் முகம் செத்துவிட்டது.

போனார். வெற்றிலை பாக்குத் தட்டில் கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அளத்துத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ, எந்தக் குடிசை என்று தெரியாமல் நின்றார். வேம்பு பாயைப் போட்டாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வரேங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அன்னிக்கு அவரு கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

அண்ணன் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுவரு பருமன் வேம்பு" என்றார்.

"சரிங்கய்யா. கல்யாணத்துக்கு வரேன்" என்றாள். தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் திரும்பும்போது எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும் போலவும் இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள், கூடையில் இரும்பைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபடி உள்ளே போனார்கள். உள்ளூர்க்காரர்கள் தலையில் சும்மாட்டோடு குனிந்து போனார்கள், பட்டுச்சேலைக்காரிகள் மண்டியிட்டுப் போனார்கள், மணப்பெண்ணே மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பு வளைந்து போனாள். சம்பந்தி என்னிடம் வந்து, "என்ன மாஸ்டர், இந்த ஊர்ல எல்லாரும் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போறாங்க?" என்றார். நல்ல மனுஷர், ஒன்றும் தெரியாதவர். என் நாக்கு, யாருக்கும் அடங்காத நாக்கு, "பக்திங்க. பழக்கம்" என்றது. கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன். பிறகு வாழை இலைக் கட்டை எடுக்க உள்ளே நுழைந்தேன், நெற்றியில் ணங்கென்று ஓர் இடி. இத்தனை வருஷத்தில் எனக்கு இடித்தது அன்றைக்குத்தான். இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

முகூர்த்தம் நெருங்கியது. வைரக்கண்ணு அண்ணன் வாசலுக்குப் போனார், குனிந்தார், மண்டியிட்டார், அப்புறம் நெஞ்சு தரையில் பட ஒரு தடவை முயன்று பார்த்தார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். தூரத்துப் பார்வைக்கு அது ஆள் உயரக் கதவுதான், அவருக்குக் கோழிக்கூட்டுத் திறப்பு. யாரோ வருவதைக் கண்டு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "நீங்க போங்க, நான் பின்னாலயே வரேன்" என்று சிரித்தார். எல்லாரும் போனார்கள். அவரும் வந்திருப்பார் என்று நினைத்து வழக்கப்படி கதவைச் சாத்தினார்கள், உள்ளே தாழ் விழுந்தது. அவர் வெளியில் நின்றார்.

சுற்றிக்கொண்டு என் அடுப்பிடம் வந்து சுவரில் சாய்ந்தார். நான் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு துவாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடப்பது அவர் காதிலும் விழுந்தது. பட்டுச்சேலை சரசரப்பது விழுந்தது, ஒரு குழந்தை சிணுங்குவது விழுந்தது, அதன் அம்மா அதட்டுவது விழுந்தது. அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு கேக்குதா உலகு?" என்றார்.

"பொண்ணோட தகப்பனார வரச்சொல்லுங்கோ. தாரை வாக்கணும்" என்றார் புரோகிதர் உள்ளே.

அண்ணன் துவாரத்தில் வாயை வைத்தார். "இங்க இருக்கேன்! வெளியில இருக்கேன், கதவத் தொறங்க!"

உள்ளே ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்றது. கேட்டுவிட்டது, அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. ஆனால் இப்போது கேட்டது என்று சொன்னால் அன்றைக்கும் கேட்டது என்று ஆகிவிடுமே, அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால். "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே?" என்று சம்பந்தி கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பெண்ணின் தாய்மாமன், அண்ணனுடைய சொந்த மச்சான், பதில் சொன்னதும் கேட்டது.

"காத்துங்க. சுவரு ரொம்பப் பருமன், வெளியிலேர்ந்து ஒண்ணும் கேக்காது."

"மச்சான்! நான்டா! தையலு, அப்பா இங்க இருக்கேம்மா!" அண்ணன் உள்ளங்கையால் சுவரை அடித்தார். அடித்தார், அடித்தார், கை சிவந்துபோகிற அளவுக்கு அடித்தார். காற்றுதான், காற்றுதான் என்று உள்ளே ஊர் முணுமுணுத்தது. அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு என்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போது உள்ளே ஒரு பொம்பளைக் குரல், உரக்க இல்லை, சாதாரணமாகப் பேசுகிற குரல்.

"காத்து இல்லீங்க. ஆளு. எனக்குக் கேக்குது."

வேம்பு. அதற்குப் பிறகு வளையல் சத்தம், அதற்குப் பிறகு தையல்நாயகி, அழுகையோடு. "எனக்கும் கேக்குதுப்பா. அன்னிக்கும் கேட்டுச்சு."

அண்ணன் ஓடினார். முட்டி வலிக்காரர், நான் சட்டியை விட்டுவிட்டுப் பின்னால் ஓடியும் எட்டவில்லை. பித்தளைத் தாழ் விலகிய சத்தம், கதவு திறந்தது, வாசலில் வேம்பு நிமிர்ந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் ஊரும் சம்பந்தி வீடும். அவர் அவள் காலடியில் முட்டி போட்டார்.

"கேட்டுச்சு வேம்பு. அவன் எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். கேட்டுச்சு. தாழ்ப்பாள்ல கை வச்சிட்டு எடுத்துட்டேன்."

சம்பந்தி வீட்டாரில் யாரோ "என்னது, என்னது?" என்றார்கள். உள்ளூர்க்காரர்கள் தலையிலிருந்த சும்மாட்டை ஒவ்வொருத்தராக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்யா" என்றாள் வேம்பு. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நேரம் போவுது. பொண்ணு நிக்கிது, வாங்க."

வாசல் அவருக்கு உயர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உயரவில்லை. ஊர்ந்து போகிற அளவுக்குத்தான் இருந்தது. கல்யாண வேட்டியோடு, அத்தனை பேர் பார்க்க, அவர் கையை ஊன்றித் தவழ்ந்தார். அந்த வாசலில் வேம்பு குனிந்ததும் அன்றைக்குத்தான். குனிந்து, அவர் தலைக்கும் கல்லுக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

அவர் தலை அந்தக் கையில்தான் இடித்தது. "பாத்துங்கய்யா" என்றாள்.